வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டங்களில் சென்று திரும்பியவர்கள் ஊரின் இளம் தலைவர்களுக்கு வழிகாட்டுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கான கையேடு

அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பிரித்தானியாவின் செவனிங், அவுஸ்திரேலிய விருதுகள் ஆகியவை மூன்று வெவ்வேறு நாடுகளின் புலமைப்பரிசில் திட்டங்கள். ஆயினும், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் என்ற நிபந்தனை மூன்றிலும் உண்டு: முதல் இரண்டில் சென்றவர் அக்காலம் தாயகம் திரும்பி இருக்க வேண்டும், அவுஸ்திரேலிய விருதில் சென்றவர் அக்காலம் அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். திரும்பி வந்தவர்களிற் பலர் அந்த இரண்டு ஆண்டுகளையும் எப்படியாவது கழித்துத் தீர்க்க வேண்டிய தவணையாகவே எண்ணுகின்றனர். ஊரில் ஏற்கெனவே பொதுவேலையில் இறங்கியிருக்கும் ஓர் இளைஞருக்கோ யுவதிக்கோ பக்கத்தில் நின்று, அவர் தம் காலில் நிற்கும்வரை வழிகாட்டுவதற்கு அது சரியான அளவுள்ள காலம் என்பதே என் கருத்து. ஒரு வருடம் போதாது. முதல் வருடம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதிலும், தொடங்கிய வேலை தடுமாறி நிமிர்வதிலும் போய்விடும்.

குறுகிய பயணம் சென்று வந்தவர்களும் தயங்கத் தேவையில்லை. அமெரிக்க அரசு 1940 ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் சர்வதேச விருந்தினர் தலைமைத்துவ நிகழ்ச்சித்திட்டம் பெரும்பாலும் மூன்று வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வாரங்களில் ஒரு சிறு நகரசபைக் கூட்டத்தில் பொதுமகன் ஒருவர் எழுந்து நின்று, தமக்கு ஒதுக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் தம் தெருவின் குறையைச் சொல்லி அமர்வதைப் பார்த்திருந்தால், அதுவே ஊருக்குக் கொண்டுவரத் தக்க அறிவுதான். எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம், எவ்வளவு பனி கொட்டியது என்பதெல்லாம் ஒரு மாலைப் பொழுதுப் பேச்சோடு தீர்ந்துவிடும். ஒரு குறையை எப்படி வகைப்படுத்திச் சொல்வது, யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு எப்படித் தொடர்வது என்பதே இளையவருக்கு நீண்ட காலம் பயன்படும்.

ஒருநாள் செயலமர்வு நடத்தும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் கிழக்கு மாகாணம் கண்ட செயலமர்வுகளுக்குக் கணக்கில்லை. மண்டபம், பதாகை, மதியச் சாப்பாட்டுப் பார்சல், மாலையில் சான்றிதழ் என்ற ஒழுங்கு நம் இளைஞர்களுக்கு நன்கு பழகிவிட்டது. அதிலிருந்து எழுந்து வந்து ஊரில் ஒரு வேலையை முடித்துக் காட்டியவர்கள் மிகச் சிலரே. நாற்பது பேருக்கு ஒருநாள் பேசுவதைவிட இரண்டு பேருடன் இரண்டு வருடம் நடப்பது மேல் என்பதை மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்லலாம்.

யாரைத் தெரிவுசெய்வது

ஆங்கிலம் நன்றாகப் பேசுபவரையும், மேடையில் கணீரென்று ஒலிப்பவரையும், ஏற்கெனவே நான்கு அமைப்புகளின் சான்றிதழ் வைத்திருப்பவரையும் தெரிவுசெய்யவே எவருக்கும் கை போகும். அவர்களுக்கு வேறு வாய்ப்புகள் தாமாகவே வரும். உங்கள் நேரம் சேர வேண்டியவர், யாரும் கேட்காமலே ஊருக்காக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருப்பவர். அத்தகையவரைக் கண்டுபிடிக்க விண்ணப்பப் படிவம் உதவாது. மாரி காலத்தில் வெள்ளம் வந்து சனங்கள் பாடசாலையில் தங்கியபோது, குடும்பங்களின் பெயர்ப்பட்டியலை எழுதியவர் யார், கைக்குழந்தைக்குப் பால்மா வாங்க யார் சைக்கிளில் போனார், உலர் உணவு பங்கிடும்போது சண்டை வராமல் வரிசையை நிறுத்தியவர் யார் என்று கிராம உத்தியோகத்தரிடமும், மாதர் சங்கத் தலைவியிடமும், பாடசாலை அதிபரிடமும் தனித்தனியே கேளுங்கள். மூவரும் ஒரே பெயரைச் சொன்னால் தேடல் முடிந்தது. வெவ்வேறு பெயர்களைச் சொன்னால் எல்லோரையும் போய்ப் பாருங்கள்.

தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இயங்கும் கிராம இளைஞர் கழகங்கள் இன்னொரு நல்ல இடம். 13 வயது முதல் 29 வயது வரையுள்ளோர் அவற்றில் அங்கத்தவராகலாம் என்பதால், பாடசாலை மாணவரையும் வேலைக்குப் போகும் இளைஞரையும் அங்கே ஒருங்கே காணலாம். கழகத் தலைவரைவிடப் பொருளாளரைக் கவனியுங்கள் என்பது என் அபிப்பிராயம். சிறு தொகையாயினும் கணக்கை ஒழுங்காக எழுதி, கேட்டவுடன் கொப்பியை எடுத்துக் காட்டுபவரிடம் தலைமைக்கு வேண்டிய குணம் ஏற்கெனவே இருக்கிறது. அறநெறிப் பாடசாலையில் கற்பிக்கும் யுவதி, பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி விநியோகத்தை நடத்தும் இளைஞர், விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தைத் துப்புரவாக்க ஆள் சேர்ப்பவர் ஆகியோரும் இவ்வகையினரே.

இருவரைத் தெரிவுசெய்வதாயின், ஒருவர் தமிழராகவும் ஒருவர் முஸ்லிமாகவும் இருப்பது நல்லது. ஆரையம்பதியும் காத்தான்குடியும், செங்கலடியும் ஏறாவூரும், காரைதீவும் சாய்ந்தமருதும் மதிலுக்கு மதில் ஒட்டிய ஊர்கள். அவர்களை அமர்த்தி ஐக்கியத்தைப் பற்றிப் பேசச் சொல்லத் தேவையில்லை. இரு ஊருக்கும் பொதுவான ஒரு வேலையைக் கொடுங்கள்: வாவிக் கரையில் கொட்டப்படும் குப்பை, நிந்தவூரிலும் ஒலுவிலிலும் கடல் அரித்துக்கொண்டு போகும் கரை, எல்லை வாய்க்காலில் மழைநீர் தேங்குவதால் இரு பக்கமும் பரவும் டெங்கு. சேர்ந்து வேலை செய்பவர்களுக்கிடையே நம்பிக்கை தானாக வளரும். அது வளர எடுக்கும் காலத்தை அவசரப்படுத்தக்கூடாது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் திட்டங்களில் சென்று திரும்பியோர் பெரும்பாலும் மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் பல்கலைக்கழகச் சூழலிலும் இருப்பதால், அவர்களின் கண்ணுக்கு முதலில் படுவது வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமுள்ள எழுவான்கரை இளைஞர்களே. வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலும் இரவில் யானைக்குக் காவல் இருந்துவிட்டுக் காலையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளிடையே இருக்கும் பொறுப்புணர்ச்சியை நகரத்தில் தேடினாலும் காண்பது அரிது.

முதலில் வீட்டுக்குப் போங்கள்

பெயர் முடிவானதும் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதோடு நிற்காமல், வீட்டுக்கு நேரிற் சென்று தாய் தகப்பனுடன் பேசுங்கள். மட்டக்களப்பில் வீடு பெண்வழிச் சொத்தாக வருவது; அந்த வீட்டில் தாயின் சொல்லுக்கும் தாய்மாமனின் சொல்லுக்கும் எடை அதிகம். மகள் மாலைக் கூட்டத்துக்குப் போய்வரலாமா, மகன் படிப்பை விட்டுவிட்டுச் சங்கம் சங்கம் என்று அலைவானா என்ற கேள்விகள் அவர்கள் மனதில் இருக்கும். அவர்கள் வாய்திறந்து கேட்கும்வரை காத்திராமல் நீங்களே எடுத்துப் பேசுங்கள். எங்கே சந்திப்பீர்கள், எத்தனை மணிக்கு முடியும், யார் கூட இருப்பார்கள், வீடு திரும்பப் பஸ் உண்டா என்பதை அவர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டால், பின்னர் வரும் பாதிப் பிரச்சினைகள் வராமலே போகும்.

இளையவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். சந்திப்புகள் பொது நூலகம், பாடசாலை மண்டபம், பிரதேச செயலகத்தின் கூட்ட அறை போன்ற திறந்த இடங்களில் நடக்கட்டும். யுவதிக்கு வழிகாட்டுபவர் ஆணாக இருந்தால், திட்டத்தில் சென்று வந்த ஒரு பெண்ணையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929, பெண்களுக்கான 1938 ஆகிய இலக்கங்களை முதல் நாளிலேயே இளையவரிடம் கொடுத்துவிடுங்கள். தேவை ஏற்பட்ட பிறகு கொடுப்பது பிந்திய வேலை.

எப்படி அழைப்பது என்பதும் சிறு விடயமன்று. உங்களைச் ‘சேர்’ என்றோ ‘மிஸ்’ என்றோ அழைக்கும்வரை அவர் உங்களிடம் வகுப்பறையில் நிற்பதுபோலவே நிற்பார். அண்ணா, அக்கா, நானா, ராத்தா என்று ஊரில் வழங்கும் முறையில் அழைக்கச் சொல்லுங்கள். நீங்களும் தம்பி, தங்கச்சி என்று அழைத்தாலும் ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். நாளை அவர் பிரதேச செயலாளருக்கு முன்னால் அமர்ந்து பேசப் போகிறவர்; மதிப்போடு பேசப்படுவது அவருக்கு இப்போதே பழகட்டும்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வெளிநாடு சென்று வந்தவர் தேடி வந்திருக்கிறார் என்றால், தம் பிள்ளையையும் அனுப்பிவைப்பார் என்று வீட்டார் எதிர்பார்ப்பது இயல்பு. உங்களால் எவரையும் அனுப்ப முடியாது. சர்வதேச விருந்தினர் திட்டத்துக்கு எவரும் விண்ணப்பிக்கவே முடியாது, தூதரகமே ஆட்களைத் தெரிவுசெய்து முன்மொழிகிறது. ஏனையவற்றுக்குப் பட்டப்படிப்பும் அனுபவமும் திறந்த போட்டியும் உண்டு. இதை மெதுவாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் விளக்குங்கள். எதிர்பார்ப்பை வளரவிட்டுப் பின்னர் உடைப்பது அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு வேலை, முழுவதுமாக

வழிகாட்டலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இளையவர் தாமே தெரிவுசெய்த ஒரு பிரச்சினையை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை கொண்டுசெல்ல வேண்டும். சிறியதாக இருக்கட்டும், ஒரு வருடத்துக்குள் விளைவு தெரியக்கூடியதாக இருக்கட்டும்.

படுவான்கரைக் கிராமம் ஒன்றில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பஸ் இல்லாததால் படிப்பைக் கைவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நேர அட்டவணையில் மாலை பஸ் ஒன்று உண்டு. ஆனால் சில நாட்களில் அது வருவதில்லை. இளையவர் எழுதிக்கொண்டு வரும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘எமது பகுதிக்கான பஸ் சேவை மிகவும் மோசமாக உள்ளது. மாணவர்கள் பெரும் சிரமப்படுகின்றனர். உடனடி நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் பெறும் அலுவலர் ‘கவனத்தில் எடுக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் வைத்துவிட முடியும்.

அந்தக் கடிதத்தை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கையில் பேனை எடுக்காமல் கேள்விகளை மட்டும் கேளுங்கள். எத்தனை நாள் வரவில்லை? யார் பார்த்தார்கள்? எந்த டிப்போவின் பஸ்? எத்தனை பிள்ளைகள் அதை நம்பியிருக்கிறார்கள்? பதில் தெரியாத கேள்விகளோடு அவர் ஊருக்குத் திரும்பட்டும். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரேயுள்ள கடைக்காரரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, பஸ் வந்த நேரத்தையும் வராத நாளையும் ஒரு மாதம் குறிக்கச் சொல்வது அவருக்கே தோன்றும். தோன்றாவிட்டால் ஒரு சாடை காட்டலாம்.

அடுத்த கட்டம் தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும், காரணம் கூறத் தேவையின்றி, பொது அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபையும் அதற்குள் அடங்கும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும்: ‘கடந்த ஆறு மாதங்களில் இந்த வழித்தடத்தின் மாலைச் சேவை ஓடாத திகதிகள் யாவை? ஒவ்வொரு திகதிக்கும் பதியப்பட்ட காரணம் என்ன?’ கிடைக்கும் பதிலைக் கடைக்காரரின் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த மாலையில் இளையவரின் முகத்தைக் கவனியுங்கள். முறைப்பாடு சொல்பவராக இருந்தவர், விபரம் கையில் உள்ளவராக மாறியிருப்பார். பதில் வராவிட்டால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை ஏற்கும் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யும் வழியையும் அவரே படித்தறியட்டும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர இளைஞர்களுக்கு இதில் ஒரு மேலதிகத் தடை உண்டு. மாவட்டச் செயலகம் இருக்கும் அம்பாறை நகரம் சிங்களம் பேசும் நகரம். திருக்கோவிலிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ அங்கே செல்லும் இளையவர் மொழி தெரியாமல் வாசலிலேயே குன்றிப்போவதுண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி என்பதையும், தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை என்பதையும் அவருக்கு உறுதியாகச் சொல்லுங்கள். அதே வேளை, பேச்சுச் சிங்களம் படிக்கவும் ஊக்குவியுங்கள். உரிமை கடிதத்துக்கு உதவும். மேசைக்கு அப்பாலிருக்கும் மனிதரோடு இணக்கமாகப் பேச மொழி வேண்டும்.

உங்கள் இடம் எது என்பதற்கு நம் ஊர்க் கூத்து நல்ல முன்மாதிரி. கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டுகளை வழங்கி), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை கட்டி, அரங்கேற்றம் வரை கூட்டிவருகிறார். அரங்கேற்ற இரவில் களரியில் ஆடுபவர் கூத்தர், அண்ணாவியார் மத்தளத்தோடு பக்கத்தில் நிற்கிறார். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கோ பிரதேச சபைத் தவிசாளரைச் சந்திக்கவோ இளையவர் செல்லும்போது நீங்களும் செல்லலாம், ஆனால் பின்வரிசையில் அமருங்கள். அதிகாரி உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். வெளிநாட்டில் படித்தவர் என்பதால் உங்களிடம் பேசுவதே அவருக்கு இலகு. ‘தங்கச்சிதான் இதைச் செய்கிறா, அவவிடம் கேளுங்கள்’ என்று திருப்பிவிடுங்கள். முந்திய நாள் மாலை அவரை எழுந்து நிற்கவைத்து, மூன்று நிமிடத்துக்குள் பெயர், ஊர், பிரச்சினை, விபரம், கோரிக்கை என்ற ஒழுங்கில் உரத்துச் சொல்லிப் பழகவையுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், மீண்டும் சொல்லவையுங்கள். நான்காவது தடவையில் நடுக்கம் குறைவதை அவரே உணர்வார்.

சந்திப்புகளின் ஒழுங்கு

மாதத்துக்கு இரண்டு நேரடிச் சந்திப்புகள், இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு என்பது தாங்கக்கூடிய அளவு. மட்டக்களப்பு நகரிலிருந்து வாகரைக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அப்படிப்பட்ட தூரமாயின் ஒரு முறை நீங்கள் போங்கள், ஒரு முறை அவர் வரட்டும். அவர் வரும் நாளில் பஸ் காசும் டேட்டா ரீலோடும் உங்கள் பொறுப்பு. அதை அவர் கேட்கும் நிலைக்கு விடாதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்த பிறகே கூட்டத்தின் நேரத்தைத் தீர்மானியுங்கள்.

வருடத் திட்டத்தை ஊரின் நாட்காட்டியோடு பொருத்துங்கள். கார்த்திகை முதல் தை வரை மழையும் வெள்ளமும். அக்காலத்தில் இளையவர் ஊர்வேலையில் இருப்பார், நீங்கள் அங்கே போய் உதவுவதே சந்திப்பு. பெரும்போக வெட்டு நாட்களில் வயற்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நேரம் இராது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊரே கோயிலில் இருக்கும். நோன்பு மாதத்தில் மாலைச் சந்திப்பைத் தவிர்த்து முற்பகலுக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை எக்காலத்திலும் விட்டுவிடுங்கள். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் பரீட்சை எழுதுபவரை விட்டுவிடுவதே கண்ணியம்.

ஒவ்வொரு சந்திப்பிலும் இளையவர் தம் கொப்பியில் மூன்று வரிகள் எழுதட்டும்: சென்ற முறை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த முறைக்குள் எதைச் செய்வார். நடக்காததற்குக் கடிந்துகொள்ள வேண்டாம். ஏன் நடக்கவில்லை என்று ஆராய்வதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

காசு, கட்சி, படம்

தூதரகங்களிடமிருந்து பழைய பங்கேற்பாளர்களுக்குச் சிறு நிதியுதவி கிடைப்பதுண்டு. முதல் வருடத்தில் அதை நாடாதீர்கள். காசு வந்ததும் அறிக்கையும் பற்றுச்சீட்டும் படமும் முன்னுக்கு வந்து, ஊரின் வேலை பின்னுக்குப் போகும். மேற்சொன்ன பஸ் வேலைக்குக் கொப்பி, முத்திரை, போட்டோக் கொப்பி ஆகியவற்றின் செலவு மட்டுமே.

தேர்தல் நெருங்கும்போது ஊரில் பெயரெடுத்த இளையவரைத் தேடிக் கட்சிக்காரர் வருவர். உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீடு 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து யுவதிகளுக்கு இந்த அழைப்பு கூடுதலாக வருகிறது. போகாதே என்று தடுப்பது உங்கள் வேலையன்று. அரசியலில் நல்லவர்கள் வேண்டும். ஆனால் பட்டியலில் எத்தனையாவது பெயர், வென்றால் உண்மையில் ஆசனம் கிடைக்குமா, தேர்தற் செலவை யார் ஏற்பார் என்று கேட்டறிந்த பின் முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டம் நடப்பதைக் கிராம உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். யாராவது வந்து விசாரித்தால், மறைக்க எதுவுமில்லாத வேலை என்று அந்த உத்தியோகத்தரே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு இளையவருக்கும் அவர் வீட்டுக்கும் மிக முக்கியம். படங்களை முகநூலில் போடுமுன் ஒவ்வொரு முறையும் அவரிடம் கேளுங்கள். கையில் நிவாரணப் பொதியோடு நிற்கும் படம் உங்களுக்குப் பாராட்டைத் தரலாம். வாங்குபவருக்கு அது தலைகுனிவு.

இரண்டாவது வருடம்

முதல் வேலை முடிந்த பின்னர் உங்கள் தொடர்புகளை ஒவ்வொன்றாகக் கையளியுங்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ உங்களுக்குத் தெரிந்த விரிவுரையாளர், வாவி மீனவர் சங்கத்தை நன்கறிந்த ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகையாளர், சட்டத்தரணி ஆகியோரிடம் இளையவரை நேரிற் கூட்டிச் சென்று அறிமுகப்படுத்துங்கள். அடுத்த முறை அவர் தனியாகப் போகட்டும். தொலைபேசி இலக்கத்தை மட்டும் கொடுப்பது போதாது. வெளியூர்ப் பெரியவருக்கு முதன்முதலாக அழைப்பெடுக்கும் கூச்சம் பல நல்ல முயற்சிகளை முளையிலேயே நிறுத்தியிருக்கிறது.

இவ்வருடத்தில் அவர் தம்மைவிட இளையவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேளுங்கள். கழகத்தின் அடுத்த பொருளாளருக்குக் கணக்கு எழுதவும், அடுத்த பிள்ளைக்குத் தகவல் விண்ணப்பம் எழுதவும் அவர் கற்பிக்கும்போது நீங்கள் அங்கே இருக்கத் தேவையில்லை. உங்களுக்கு இடமாற்றம் வந்தாலோ, மீண்டும் வெளிநாடு செல்ல நேர்ந்தாலோ குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லி, உங்களைப் போல் சென்று வந்த இன்னொருவரிடம் அவரை ஒப்படையுங்கள். அதனாலேயே, ஒரே மாவட்டத்தில் இருக்கும் பழைய பங்கேற்பாளர்கள் எந்த நாட்டுத் திட்டத்தில் சென்றவர்களாயினும் ஒருவரையொருவர் அறிந்து, மூன்று மாதத்துக்கொரு முறையாவது கூடிப் பேசிக்கொள்வது நல்லது.

பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார். அது நியாயமான கேள்வி. கடிதத்தில் ‘சிறந்த தலைமைத்துவப் பண்புடையவர், கடின உழைப்பாளி’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் விளங்காது. எந்த ஊரில், எந்தப் பிரச்சினையில், எத்தனை மாதம், என்ன தகவலைத் திரட்டி, யார் முன் வைத்து, என்ன மாற்றம் கண்டார் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டி, திகதியோ விபரமோ பிழையாக இருந்தால் அவரைக்கொண்டே திருத்துங்கள். அவர் கொப்பியின் மூன்று வரிக் குறிப்புகள் அப்போது கையோடு இருக்கட்டும்.